நான் இரண்டாவது வகை

செவ்வாய், ராத்திரி.

நாளைக்குக் கல்லூரியில் மகள் பேசப்போகிறாள். அரசாங்கம் ஜனங்கள் கையில் பணம் கொடுத்தால் பொருளாதாரம் நிமிருமா என்பது தலைப்பு. சாப்பிட்டதும் எங்களை உட்காரவைத்துப் பேசிக் காட்டினாள். அவர்கள் பாடத்தில் வரும் பொருளாதார மாடலில் குடும்பம் இரண்டே வகையாம். ஒன்று, வந்த பணத்தை எடுத்துவைக்கும். இன்னொன்று, யோசிக்காமல் செலவழிக்கும். இந்த இரண்டாவது வகை நிறைய இருந்தால்தான் திட்டம் பலிக்குமாம்.

"நாம எந்த வகை கண்ணு?"

"அம்மா மொத வகை. நீங்க ரெண்டாவதுங்ப்பா."

ரேஷன் கடையில் அரசாங்கத்தின் பொங்கல் பணம் வந்த அன்றைக்கே மொத்தத்துக்கும் பிரியாணி வாங்கிவந்தவன், எப்படி மறுப்பேன்?

"அப்ப நாடே என்னாலதான் நிக்குதுன்னு சொல்லு."

"நாடு நிக்குமுங்ப்பா. ஊடுதான் நிக்க மாட்டேங்குது."

அவள் அம்மா சிரித்தாள். நான் அதைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

"பட்டறையப் பூட்டிப்போட்டு நாளைக்கு நானும் வாரேன்."

"வேண்டாங்ப்பா. பிரியாணிக் கதையத்தான் உதாரணமாச் சொல்றேன். நீங்க முன்னால உக்காந்திருந்தா எனக்குச் சொல்ல வராது."

போவதற்கென்று இன்றைக்குத்தான் புதுச்சட்டை எடுத்துவந்தேன். பையோடு பீரோவுக்கு மேலே ஒளித்துவைத்திருக்கிறேன். பார்த்தால் அதையும் உதாரணத்தில் சேர்த்துக்கொள்வாள்.