சுறாப் பல்லுக்குப் போட்ட பாலீஷ்

நேற்று காட்டுப்பாக்கத்தில் ஒரு பட்டறையைக் கடந்தபோது பாலீஷ் மெழுகு சூடாகிற வாசனை வந்தது. நீ போய் மூன்று வருஷமாகிறது. அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். தனியாகச் சிரிக்கிற கிழவனை இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எண்பத்தேழா, எண்பத்தெட்டா? அம்பத்தூரில் ஒரே பட்டறையில் நீ லேத்தில், நான் பாலீஷில். பொங்கலுக்குச் சொந்த ஊரான காரைக்குப் போன நீ, அங்கே ஓடையில் பொறுக்கியதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாய். பெருவிரல் நுனியளவு, சப்பையாக, மேலே வரிவரியாக.

"சுறாப் பல்லுய்யா. எங்க ஊரு கடலா இருந்தப்ப உள்ளது."

"உங்க ஊர்ல கெணத்துலயே தண்ணி இல்லன்ன. கடல் எங்கேர்ந்துபா வந்திச்சி?"

நீ கோபிக்கவில்லை. கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துபவரிடம் சனிக்கிழமை காட்டி, அது எந்தச் சுறா என்று கேட்க வேண்டும் என்றாய். வாரம் முழுக்க உனக்கு வேறு பேச்சே இல்லை.

என் கைதான் சும்மா இருக்கவில்லை. கைக்கு வந்த பொருள் பளபளக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. படித்த மனிதரிடம் இப்படி அழுக்காகவா காட்டுவது என்று, நீ சாப்பிடப் போன நேரத்தில் அதை மிஷினில் பிடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. "இன்னா, சூப்பரா கீதா?" என்று நீட்டினேன்.

உன் முகம் விழுந்துவிட்டது. "அந்த வரிய வச்சுத்தான்யா பேரு சொல்லுவாங்க" என்றாய், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை திட்டு வாங்கத் தயாராக நானும் கல்லூரிக்கு வந்தேன். கையில் வாங்கியதுமே அவர் கத்தினார். "யாருய்யா இப்படித் தேச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நான்தான் சார். பளிச்சுனு இருக்கட்டும்னு."

அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். பிறகு லென்ஸை வைத்து, ஓரத்தில் மிஷினுக்குத் தப்பிய இரண்டு வரிகளை அவர் கண்டுபிடித்தார். "டைக்கோடஸ். சிப்பிய அரைச்சுத் தின்ன சுறா. பூண்டோட அழிஞ்சு போச்சு."

பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாய். "கோடிக்கணக்கான வருஷம் தேயாதத பத்தே நிமிஷத்துல தேச்சிட்டியேய்யா" என்று சிரிக்க ஆரம்பித்தவன் அம்பத்தூர் வரை நிறுத்தவில்லை. எதற்கென்று தெரியாமலே கண்டக்டரும் சிரித்தார்.

பல் உன் மகளிடம் பத்திரமாக இருக்கிறது. எனக்கு வேறொன்று ஒட்டிக்கொண்டது. பட்டறையில் எவன் எதைக் கெடுத்தாலும், "யாரு?" என்று கேட்டால் என் வாய் முந்திக்கொள்ளும். வேலையை விடும்வரை அப்படி எத்தனையோ திட்டு வாங்கினேன், சந்தோஷமாகவே. எனக்கென்று வரவேண்டிய அந்த ஒரு திட்டைத்தான் நீ வாங்கிக்கொண்டு போய்விட்டாயே.