டாக்டர்தான் கொன்றார் என்று சொன்னவருக்கு

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்க்காரர் பத்து மணிக்கு வருவார்.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, பஸ்ஸில் பத்துப் பத்துப் பக்கமாக ஒரு மாதம் படித்த கதை அது. நேற்று சாப்பிடும்போது, "இதுக்குப் போய் ஒரு மாசமா? நான் பத்து நிமிஷ வீடியோவுல முடிச்சுட்டேன். டாக்டர்தான் கொலைகாரன்" என்றீர்கள். முகத்தில் பெருமை வேறு வழிந்தது.

இன்று விடியுமுன் எழுந்து மீதி எண்பது பக்கத்தையும் முடித்துவிட்டேன். டாக்டர் கொல்லவில்லை. உங்கள் வீடியோக்காரனும் கடைசி அத்தியாயத்தைத் தொடவில்லை போலிருக்கிறது. நல்ல ஜோடி!

பி.கு: கொன்றது யாரென்று கேட்டுக் கடைக்குப் போன் பண்ணாதீர்கள். புத்தகம் மேசைமேல்தான் இருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம்.