சாக்குச் சட்டையும் இடுப்பு வீச்சும்

நேற்று அரிசிக் கடை வாசலில் கோணிச்சாக்கை உதறினார்கள். அந்தச் சணல் நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். செத்த பிறகும் கூப்பிடாமல் வருகிறவன் நீ.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். விராலிமலைப் பக்கம் ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தோம். பட்டாளத்துக்காரன் யாரோ போட்டுவிட்டுப் போன ஜூடோ புத்தகத்தைத் திருச்சி நடைபாதையில் வாங்கி வந்தவன் நான். அதன் இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை. படங்களைப் பார்த்தே இடுப்பு வீச்சைக் கற்றேன். எதிராளியின் சட்டைக் கையை இழுத்து அவனை முன்னால் சாய்க்க வேண்டும். முதுகைக் காட்டித் திரும்பி, நம் இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே கொடுத்து, முழங்காலை நிமிர்த்தி உருட்டிவிட வேண்டும்.

படத்தில் இருந்தவர்கள் தடித்த கோட்டு போட்டிருந்தார்கள். நமக்குத் துண்டை விட்டால் என்ன இருந்தது? நெல் சாக்கை வெட்டி, கையும் வைத்து, கோணி ஊசியால் சட்டை தைத்தவனும் நான்தான். அதைப் போட்டுக்கொண்டு களத்து வைக்கோலில் புரண்டோம்.

"நெல்லு மூட்டையாட்டம் என்னையக் கட்டி எங்கிட்டு மாப்ளே அனுப்பப் போற?" என்று சொறிந்துகொண்டே சிரித்தாய்.

நான் நெட்டை. உன் இடுப்புக்குக் கீழே போக நான் பாதி உட்கார வேண்டும். குட்டையான உனக்குச் சும்மா திரும்பினாலே போதும். மாதக்கணக்கில் நான் பழகியது உனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆண்டு விழா மேடையில் வீசிக் காட்ட ஒருவன்தான் என்றார் டிரில் வாத்தியார். நம் இருவரையும் வீசிப் பார்க்கச் சொன்னார். முதலில் நான் உன்னை வீசினேன். சுத்தமான வீச்சு. வீசியதும் கையை விட்டேன். தோள்பட்டை இடிக்க நீ விழுந்தாய். அடுத்து நீ என்னை வீசினாய். நான் தரைக்கு வரும் நேரத்தில் என் சட்டைக் கையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டாய். என் தலை தரையில் படவில்லை.

"இவந்தான் மேடைக்கு" என்று உன்னைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார் வாத்தியார். "நீ கடாசுறடா. அவன் புடிச்சுக்கிட்டே போடுறான்."

"புஸ்தகத்துல அப்படி இல்ல சார்."

"அவன் புஸ்தகம் பாத்தா புடிச்சான்?"

கடைசிப் படத்தில் ஆள் அந்தரத்தில் இருக்கிறான். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்பதற்குப் படமே இல்லை. இதில் என் குற்றம் என்ன? இன்றும் கேட்பேன்.

ஊரே உனக்குக் கைதட்டியது. சட்டை தைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. திரும்பி நடக்கையில், "விடு மாப்ளே, அடுத்த வருசம் நீதான்" என்றாய். தோற்றதைவிட அந்த இரக்கம்தான் சுட்டது.

உன் சாவுக்கு வந்த கூட்டத்தையும் பார்த்தேன். அறந்தாங்கியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். எனக்கு அதில் பாதியாவது வருமா? பாடைக்கு முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். பாதி வழியில் உன் மகன், "மாமா, முடியாத ஒடம்போட எதுக்கு? இங்கிட்டு குடுங்க" என்றான். கொடுக்கவில்லை. சுடுகாடு வரை நானே சுமந்தேன்.

தோள் கன்றிப்போய் இன்னும் வலிக்கிறது. ஆனால் பாடையை இறக்கி வைக்கும்போது உன்னைப் பொத்தென்று போடவில்லை. பிடியை விடாமல் மெல்லத்தான் வைத்தேன். அந்த வாத்தியார் இருந்து பார்த்திருக்க வேண்டும்.