மேனேஜரின் இருபத்தெட்டு நாள்

மார்ச் 4

கால்நடை மருத்துவமனை ஆய்வகத்தில் காலையிலிருந்து பதினொரு ரத்த மாதிரி. பன்னிரண்டாவதாக வந்தது மேனேஜர், மாமியார் வீட்டு நாய். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் ஏற இறங்கப் பார்க்கும்; அதனால் அந்தப் பெயர். மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை, காய்ச்சல் என்று மனைவி தூக்கிக்கொண்டு வந்தாள். காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். வெள்ளணுவுக்குள் கிருமிக் கூட்டம். உண்ணி கடித்து வருகிற காய்ச்சலேதான். பிளேட்லெட் நாற்பதாயிரம். இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "இருபத்தெட்டு நாள். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாதீங்க. சாப்பாட்டோட குடுங்க, பால்ல மட்டும் வேண்டாம். மருந்து உடம்புல சேராது." மனைவி அதற்குள் நாயோடு வண்டிக்குப் போய்விட்டாள். கேட்டது நான் மட்டும்.

டப்பாமேல் "28 நாள், நிறுத்தக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பால் விஷயத்துக்கு இடமில்லை. வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 9

மாமியார் வீட்டுக்கு உண்ணி மருந்து அடிக்கப் போனேன். சுவர் இடுக்கு, கட்டில் கால், மிதியடிக்குக் கீழே — எங்கேயும் விடவில்லை.

நானும் மாமியாரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. பெண் கேட்டுப் போன அன்று, "நாய் ரத்தம் பாக்குறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்றார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கல்யாணம் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. எதுவானாலும் மனைவி வழியாகப் போகும். அவள் இல்லாத நேரத்தில் மேனேஜர் வழியாக. "டேய், டீ ஆறிப்போகுதுன்னு அவர்கிட்ட சொல்லு" என்று நாயிடம் சொல்வார். நானும் நாயைப் பார்த்தே, "சர்க்கரை கம்மின்னு சொல்லு" என்பேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். நாங்கள் இரண்டு பேருமே சிரித்ததில்லை.

இன்று மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மேனேஜர் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. அடுப்படியில் கிண்ணத்தில் பால், பக்கத்தில் மாத்திரை அட்டை. பாலில்தான் கரைத்துக் கொடுக்கிறாரா? கேட்க வாயெடுத்தேன். நடுவில் ஆள் இல்லை. மருந்தை அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10

மனைவியிடம் பால் விஷயத்தை இன்றும் சொல்லவில்லை. பாதி மறதி. மீதிப் பாதி என்னவென்று எனக்கே தெரியும்.

மார்ச் 18

மேனேஜருக்கு மூக்கிலிருந்து ரத்தம். மாமியாரே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், புடவையெல்லாம் ரத்தம். பிளேட்லெட் பதினெட்டாயிரம். இயந்திரத்தை நம்பாமல் கண்ணால் ஒரு தடவை எண்ணினேன். அதேதான்.

மாத்திரையை எப்படிக் கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார், மாமியார் மறைக்கவில்லை. "வாயில போட்டா துப்பிடுதும்மா. பால்ல கரைச்சா குடிச்சிடும். ஒரு வேளைகூட விடல." இந்த மாத்திரையை வேளை தவறாமல் பாலில் கொடுத்தால் பாதி வீண் என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என் கையாலயே கெடுத்துட்டேனே."

நான் கண்ணாடித் துண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன்.

மாத்திரை மறுபடி முதல் நாளிலிருந்து. சோற்றில் வைத்து, பின்னாலேயே தண்ணீர்.

மார்ச் 20

எத்தனை பேரிடம் சலித்துக்கொண்டிருப்பேன், "சொன்னதைக் கேக்கவே மாட்டீங்களா" என்று? இங்கே சொன்னால்தானே கேட்பதற்கு! மாமியார் சாப்பிடவே இல்லையாம். மனைவி சொன்னாள். எனக்கு மட்டும் எப்படிச் சோறு இறங்குது? வெட்கக்கேடு.

மார்ச் 21

வேலைக்கு நடுவில் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நாயைப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அது கண்ணை மூடிக்கிடந்தது. நேராகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"அத்தை, பால் கூடாதுன்னு டாக்டர் முதல் நாளே என்கிட்ட சொன்னாங்க. கிண்ணத்தையும் பாத்தேன். பாத்துட்டும் பேசாம போயிட்டேன். தப்பு உங்களுது இல்ல, என்னுது."

அவர் நாயின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?" என்றார். திட்டு அவ்வளவுதான். இன்னும் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 25

இருபத்தேழாயிரம். எழுந்து நின்றதாம். விழுந்ததாம்.

ஏப்ரல் 1

எழுபதாயிரம். மாமியார் ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "எந்தக் கிருமின்னு எனக்கும் காட்டுங்க" என்றார். பழைய கண்ணாடித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். "இத்தனூண்டா?" என்றார்.

ஏப்ரல் 15

இருபத்தெட்டு நாள் முடிந்தது. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். தபால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு உறுமியதாம்.

ஏப்ரல் 22

காலையில் என் போன் அடித்தது. எடுத்துத் திரையைப் பார்த்த மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா எதுக்கு உங்களுக்குப் போடுறாங்க? மேனேஜருக்கு என்ன ஆச்சு?"

வாங்கிப் பேசினேன். நாலைந்து நிமிடம் இருக்கும். அவள் அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் ஆகல" என்றேன். "சும்மாதான் கூப்பிட்டாங்க."