ஒரு பென்சில் நுழையும் வழி

லிஃப்ட் நின்றுபோனால் ஊரே தேடிய சேகருக்கு, வீட்டில் நான் மட்டும் அண்ணா என்று கூப்பிட்ட உனக்கு,

உன் தேனீக்கள் இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீயும் முதலில் இதைத்தான் கேட்பாய்.

நான்கு நாள் காய்ச்சலில் நீ போன பிறகு, மழை ஓயும்வரை நான் மொட்டைமாடிக்கு ஏறவில்லை. தீபாவளி கழிந்துதான் போனேன். ஹெப்பகோடி அடுக்குமாடி ஒன்றில், லிஃப்ட் மோட்டார் அறையின் பழைய ஸ்விட்ச் பெட்டிக்குள் குடியிருந்தவற்றை, மருந்தடிக்க வந்தவனைத் தடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுவந்தாயே, அதே கூட்டம். மெஷின் பேக்கிங் பலகையில் நீ அடித்த பெட்டி. அதன் அடியைத் தூக்கிப் பார்த்தேன். விரல் மரத்துக்குள் போனது. மழை தின்றுவிட்டிருந்தது.

இந்த வகைத் தேனீக்களைப் பற்றி ஆபீஸ் பஸ்ஸில் போகவர நிறையப் படித்தேன். வீடு பிடிக்கவில்லை என்றால் ஒரு காலையில் எல்லாம் எழுந்து போய்விடுமாம், திரும்பி வராதாம். தை பிறந்தால் பூக்காலம். அதற்குள் புதுப் பெட்டி வேண்டும். உன் கை பட்டதில் இன்னும் மூச்சோடு இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போய்விடுமோ என்று பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அப்பாவிடம் பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். அடுகோடி பர்னிச்சர் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர், உனக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பூச்சிக்கெல்லாம் வூடு கட்ட நான் ஆள் இல்லடா." அதனால்தானே நீயே வளைந்த ஆணிகளை வைத்து அடித்துக்கொண்டாய். இந்த முறை அவர் உன் மூட்டையில் மிச்சமிருந்த காலிச் சட்டம் ஒன்றை எடுத்து, டேப் வைத்து அளந்தார். தேனடை தொங்குவதற்கான அந்த மரச்சட்டத்தை அவர் கையில் எடுத்தது அதுதான் முதல்முறை. பிறகு பரண்மேல் கிடந்த பழைய தேக்குக் கட்டிலின் பலகைகளை இறக்கினார்.

எட்டு நாள் வேலை. அம்மாவுக்குத் தாங்கவில்லை. "எனக்கு ஒரு அலமாரி கேட்டு எட்டு வருஷமாச்சி. பூச்சிக்கு எட்டு நாள்ல தேக்குல பங்களா!" சொல்லிக்கொண்டேதான் ஓலைத் தொப்பியைச் சுற்றி கொசுவலையைத் தைத்துக்கொடுத்தாள். நான் பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டு, தேங்காய் நார் அடைத்து, புகை ஊத ஒன்று செய்தேன். எறும்பு ஏறாமல் இருக்க, ஸ்டூலின் கால்கள் நிற்க நான்கு தகர டப்பாக்களில் தண்ணீர்.

பெட்டி வந்தது. அண்ணா, அவ்வளவு அழகு. ஆணியே இல்லாத மூலைக் கோர்ப்பு. அப்பா உன் சட்டத்தை உள்ளே இறக்கினார். இரண்டு பக்கச் சுவரையும் உரசிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"தீக்குச்சி போவுதா பாரு," என்றார்.

போகவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று அப்போது எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை, மாற்றுவதற்கு எத்தனை சட்டம் இருக்கிறது என்று எண்ண, உன் பெட்டியை முதல்முறையாகத் திறந்தேன். பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு நூலில் துண்டுப் பென்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முன்பே பார்த்திருந்தேன். நீ ஏதோ குறித்துவைத்திருப்பாய் என்று உன் அலமாரி முழுக்க நோட்டுப் புத்தகம் தேடியிருந்தேன். உன் கையெழுத்துக்காகத்தான் தேடினேன். கிடைக்கவில்லை. இப்போது பார்த்தால் அந்தப் பென்சிலுக்கு முனையே இல்லை. இரண்டு பக்கமும் சீவாதது. எழுதாத பென்சிலை எதற்குக் கட்டி வைத்தாய்?

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. சும்மா பென்சிலை விட்டுப் பார்த்தேன். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. போனது. அடுத்த சட்டத்தின் ஓரம், அதுவும் பென்சில். மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில், அங்கேயும் பென்சில். நீ ரம்பம் தவறி அறுத்த ஒரு மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலம். அங்கே தேனீக்கள் தாங்களாகவே ஒரு சின்ன அடை கட்டி அடைத்திருந்தன. அந்த அடைக்கும் சுவருக்கும் நடுவில் அவை விட்டிருந்த இடத்தில் பென்சிலை வைத்தேன். சரியாகப் போனது.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். டேப் இல்லை, கண்ணுக்கு வெளிச்சம் இல்லை, இருட்டுக்குள் ஆயிரக்கணக்கான பேர். யார் அளந்து சொன்னது? நீ செய்த பிழையைக்கூட தங்கள் அளவுக்குத் திருத்தி வைத்திருக்கின்றனவே. இதைத் தனியாகப் பார்த்த அன்று நீ எப்படி இருந்திருப்பாய்?

கீழே போய், பென்சிலைக் காட்டி, அப்பாவிடம் சொன்னேன். "சுவத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல இவ்ளோ விடணும்பா."

"கேப் வுட்டு செய்ய நான் இன்னா கத்துக்குட்டியா? முப்பது வருஷத்துல ஒரு டிராயர் ஆடுச்சின்னு எவனாச்சும் சொல்லியிருக்கானா?"

"இது டிராயர் இல்லப்பா. அது தெரு. அதுங்க நடக்கணும்."

"அவன் செஞ்ச பொட்டில ஒரு மூல மட்டமா இல்ல. அதப் பாத்து நான் செய்யணுமா?"

"மேல வந்து பாருங்க. அப்புறம் திட்டுங்க."

தொப்பியை மாட்டிவிட்டேன். குனிந்தார். அந்தச் சந்தில் ஒரு தேனீ சுவர்மேல் ஏறியது. எதிரே இன்னொன்று சட்டத்தின்மேல் இறங்கியது. இரண்டின் முதுகும் தொட்டும் தொடாமலும் கடந்தன. ஒன்றுக்காக ஒன்று நிற்கவில்லை, ஒதுங்கவில்லை. பின்னாலேயே இன்னும் நாலைந்து. அப்பா வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். வலைக்குள் முகம் தெரியவில்லை.

"இத அவன் எங்கம்மா கத்துக்கினான்?"

"அதுங்ககிட்டதான் பாத்திருப்பான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

நீ சொன்னாயா, அண்ணா? சொல்ல வந்து திரும்பிப் போனாயா? எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி அவரை ஆற்றவும் மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் அவர் போட்ட கோர்ப்பை அவரே தட்டிக் கழற்றும் சத்தம் கேட்டது. இரண்டு பக்கத்துக்கு நீளமான பலகை அறுத்து, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி சேர்த்தார்.

ஞாயிறு சாயங்காலம் மாற்றினோம். நான் சட்டம் சட்டமாகத் தூக்கினேன், அப்பா புகை ஊதினார். எனக்கு மணிக்கட்டில் இரண்டு கொட்டு. நான்காவது சட்டத்தில் ராணியைப் பார்த்தேன். கருப்பாக, நீளமாக. அவள் போகும் பக்கமெல்லாம் மற்றவை அவளை நோக்கி முகம் திருப்பி வழிவிட்டன. மூச்சு விடவே பயமாக இருந்தது. அவள் புதுப் பெட்டிக்குள் போனாள்.

திங்கள் காலை பாதிக்கு மேல் வெளியே இருந்தன. மூடிக்குக் கீழே கொத்தாகத் தொங்கிக்கொண்டு, கிளம்பப்போகிறவை மாதிரி. கீழ்வீட்டு ரத்னம்மா ஆன்ட்டி வாசலில் நின்று, "ஏனம்மா, ஜேனு எல்லாம் வெளிய இருக்கு? கச்சிடிச்சின்னா?" என்று பாதிக் கன்னடத்தில் கத்தினார். "கடிக்காது ஆன்ட்டி, போறதா இருக்கறதான்னு யோசிக்குது," என்றேன். "யோசிக்கட்டும், எங்க ஜன்னல் பக்கம் பேடா!" என்று உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார். ஆபீஸில் அன்று நான் என்ன வேலை செய்தேன் என்று தெரியாது. செவ்வாயும் அதே கொத்து.

புதன்கிழமை அப்பாதான் முதலில் பார்த்தார். "ஏம்மா, இங்க வா. கால்ல மஞ்சளா ஏதோ தூக்கினு உள்ள போவுதுங்க. இன்னா அது?"

மகரந்தம். குஞ்சுகளுக்குச் சாப்பாடு. போக நினைப்பவை அதைச் சுமந்து வராது. படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். இருக்கப்போகின்றன, அண்ணா. தங்கிவிட்டன.

பிறகுதான் ஒன்று உறைத்தது. வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஒன்றரை மாதம், அதிகம் போனால் இன்னும் கொஞ்சம். நீ பார்த்த ஒன்றுகூட இந்தப் பெட்டியில் இல்லை. உன்னைக் கொட்டியவை, உன் புகைக்கு விலகியவை, அந்த மூலையைத் திருத்தியவை எல்லாம் போய்விட்டன. வந்தவை யாரும் சொல்லாமலே அதே அகலத்தில் வழி விட்டு வாழ்கின்றன. ராணி மட்டும் ஒருவேளை உன் காலத்தவள்.

பூக்காலம் வந்து கூட்டம் பெருகினால் அவளும் போவாள். பழைய ராணி பாதிப் பேரை அழைத்துக்கொண்டு வெளியேறி, வீட்டை மகளுக்கு விட்டுவிடுவது இவற்றின் வழக்கம். இதை அப்பாவிடம் சொன்னேன். நேற்று ஒரு தகரத் துண்டை நீட்டினார். மெல்லிய பிளவுகள், ஒன்றுபோல் ஒன்று.

"இத வாசல்ல அடிச்சா மத்ததுங்க போவும் வரும். ராணிக்கு ஒடம்பு பெருசு, வெளிய போவ முடியாது."

"வேணாம்பா."

"தெறந்து வுட்டா போயிடும்மா."

"போகட்டும். இன்னொரு பெட்டி செஞ்சு வைங்க. வந்தா இருக்கட்டும்."

தகரத்தை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பலகை பத்தாது. சேரு ஒண்ணு ஒடஞ்சது கீது, பாக்கறேன்," என்று எழுந்து போனார்.

அண்ணா, உனக்கு ஒரு வாக்கு. அவள் கிளம்பும் நாளில் நான் தண்ணீர் தெளித்தோ தட்டைத் தட்டிச் சத்தம் போட்டோ கீழே இறக்கப் பார்க்க மாட்டேன். மாடியின் இன்னொரு மூலையில் இரண்டாவது பெட்டி, உள்ளே பழைய அடையின் மெழுகு தடவி, வாசல் திறந்து தயாராக இருக்கும். அவள் அதில் இறங்கினால் சொல்கிறேன். இறங்காமல் பறந்தால், நம் ஜீவனஹள்ளிக் கூரைகளுக்கு மேல் எந்தப் பக்கம் போனாள் என்று, கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்திருந்து, அதையும் சொல்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி