பதினேழு மணி நேரத் தூரம்

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். எட்டாங்கிளாஸ் எழுத்து, பொறுத்துக்கொள்.

அவளுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டுமாம். இருபதாம் தேதி என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். இவளோ, "புள்ள மொகத்தப் பாக்காம கத்திகிட்ட போகமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். இவளை மட்டும் எந்தக் கியரிலும் நகர்த்த முடியவில்லை.

எத்தனை மணி நேரப் பயணம் என்று எழுது. பக்கத்து வீட்டுப் பாப்பாவின் உலக உருண்டையில் நூல் வைத்து அளந்து பார்த்தேன். நடுவில் கடல் வந்ததும், டீக்கு எங்கே நிறுத்துவான் என்று குழம்பிப்போனேன்.

வழி பார்த்திருக்கும்,
அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

பதினாலாயிரம் கிலோமீட்டர். பறப்பது மட்டும் பதினேழு மணி நேரம். நடுவில் விமானம் மாற ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். லீவு நாலே நாள்தான் கிடைக்கும். வந்து போகவே பாதி போய்விடும். பிறகு நிதானமாக வருகிறேன். அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகன்

மார்ச் 15

அன்புள்ள மகனுக்கு,

சொல்லிவிட்டேன். உருண்டையை அவள் மடியில் வைத்து, நூலை இழுத்துக் காட்டி, "பாருடி, பாதி உலகம்" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஐயோ, இவ்ளோ தூரமா? புள்ளைக்குக் கால் வீங்கிடும். அலைய வேணாம்னு எழுதுங்க" என்றாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். உனக்காக வக்கீல் வேலை பார்த்து ஜெயித்த முதல் கேஸ் இது. மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

அப்பா

மார்ச் 27

மகனுக்கு,

அம்மா பிழைத்துக்கொண்டாள். மயக்கம் தெளிந்ததும் நர்ஸிடம், "எம் புள்ள பதினேழு மணி நேரத் தூரத்துல இருக்கான்மா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

என்னோடு வண்டியில் இருந்த கண்டக்டர், இப்போது பக்கத்து மாநிலத்தில் டாக்சி ஓட்டுகிறானே, அவன் நேற்று போன் செய்தான்.

"அண்ணே, தம்பி வந்து அசத்திட்டானா?"

"எந்தத் தம்பிடா?"

"உங்க மகன்தாண்ணே. இருபதாந்தேதி இங்க எங்க ஊரு ஏர்போர்ட்லேருந்து ஓட்டலுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஏதோ கம்பெனி மீட்டிங்காம், நாலு நாளாம். அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னான். திடீர்னு வந்து நிக்கப்போறான்னு நானும் வாயத் தொறக்கல."

நான், "ஆமாடா, அசத்திட்டான்" என்றேன்.

அங்கிருந்து இங்கே விமானத்தில் ஒரு மணி நேரம். என் பழைய பஸ்ஸில் ஏறியிருந்தாலும் விடிவதற்குள் வந்திருப்பாய்.

வீட்டுக்கு வந்து நூலை எடுத்துக்கொண்டு உருண்டை முன்னால் உட்கார்ந்தேன். நூல் தேவைப்படவில்லை. கட்டைவிரலை வைத்தேன், இரண்டு ஊரும் அதற்கடியில் மறைந்துவிட்டன.

காரணம் எதுவும் எழுதாதே. ஏமாந்த வக்கீல் நான், இன்னொரு கேஸ் எடுக்க மாட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு நீ இன்னமும் பதினேழு மணி நேரத்துக்கு அப்பால்தான் இருக்கிறாய்.

அங்கேயே இரு.

அப்பா