நீ பார்த்த கை

என் அன்புக்குரியவளுக்கு,

நலமா? நான் நலம்தான். பாலை மட்டும் தினமும் பொங்கவிட்டுவிடுகிறேன்.

குரோமோசோமின் நுனியைக் காக்கும் நம் புரதத் தொகுதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த லட்சக்கணக்கான படங்களில், ஒரே மாதிரி நிற்பவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்றவற்றைக் குப்பை என்று நான் ஒதுக்கினேன் அல்லவா? ஐந்து வருடம் கழித்து அந்தக் குப்பையைத் தரம் பிரித்தேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும், நீ காட்டிய அதே இடத்தில், புரதத்தின் ஒரு பகுதி கைபோல நீண்டிருந்தது.

அன்று ஆய்வகக் கூட்டத்தில் நீ சொன்னாய்: "இது குப்பை இல்லீங்க. கையை நீட்டிக்கிட்டு நிக்குது, பாருங்க."

"மொதல்ல கண்ணாடியைத் தொடைச்சிட்டு வாம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுவாரம் நீ நம் மகன் வீட்டுக்குப் போய்விட்டாய். உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்பவர்களிடம், கோப்பு வைக்க இடம் வேண்டும் என்கிறேன்.

இதைப் பற்றிய கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு உன் கையெழுத்து வேண்டும். தபாலில் போட்டாலே போதும், சிரமப்படாதே. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்: அங்கிருந்து வரும் ரயில் இப்போதெல்லாம் காலை ஆறரைக்கே வந்துவிடுகிறது. நான் தினமும் நடக்கப் போவதும் நிலையத்துப் பக்கம்தான்.

இப்படிக்கு,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டவன்